பால் பையில் மூன்று வரி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வெண்டைக்காய்க் காம்பிலிருந்து கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கேட்டு நான் விழிக்க வேண்டாம்.

தாம்பரத்தில் தெரிந்தவர் வீட்டுக்குக் காபி சாப்பிடப் போயிருந்தேன். ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டிய ஓர் அட்டை. ஒரு பக்கம் அது யாருடைய கல்யாணத்துக்கோ என்னை அன்புடன் அழைத்தது; முகூர்த்தம் கழிந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. திருப்பினால் வெற்றுப் பக்கத்தில் மங்கிய சிவப்பில் ஐந்து இதழ்ப் பூக்கள் நாலு. அவற்றின் கீழே பேனாவால் மூன்று வரி:

மழை நின்ற மாடிப்படி
யாரோ சாய்த்துவைத்த குடையிலிருந்து
இன்னும் மழை

"பூ அழகா இருக்கே, என்ன அச்சு?" என்று கேட்டேன்.

"வெண்டைக்காய்" என்றார் அந்த வீட்டம்மாள். "காம்புப் பக்கம் நறுக்கினா பூவா வரும். பீட்ரூட் தண்ணியில தொட்டு ஒத்தினேன்."

"கவிதை?"

"அதுவும் நான்தான்" என்றவர், கவிதை எழுதியதைவிடப் பெரிய குற்றம் ஒன்றைச் சொல்லப்போகிறவர்போல எதிரே உட்கார்ந்தார். காபி ஆறிப்போகும் அளவுக்குச் சொன்னார்.

அவர் சொன்னது பாதி. மீதி என்னுடையது. அவர் பெயரை ரமா என்று மாற்றியிருக்கிறேன். வீட்டையும் இரும்புலியூருக்கு நகர்த்திவிட்டேன். ரொம்ப தூரமில்லை, ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம்.

2

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை: இரும்புலியூர் ஏரியின் மேல் மாலைச் சூரியன் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த அந்த

(விட்டுவிட்டேன். சூரியன் அந்த வேலையைச் செய்யும் நேரத்தில் ரமா பொழிச்சலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலக அறையைப் பூட்டிக்கொண்டு, பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் டிபன் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏரி அவளுக்குத் தெரிவது மழைக்காலத்தில் மட்டும். அதுவும் ஏரி அவள் வீட்டுக்கு வரும்போது.)

இரண்டாம் தடவை: ரமா நல்லவள்.

(இதையும் அடித்தேன். பொய் என்பதால் அல்ல. அவள் நல்லவளாக இல்லாத முப்பது நொடியைப் பற்றியதல்லவா கதை?)

மூன்றாம் தடவை: அன்று ரமாவுக்குத் தலைவலி.

இது நிற்கட்டும்.

3

அன்று ரமாவுக்குத் தலைவலி. ஆடி மாதத்துப் புழுக்கம். கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. குறிஞ்சி ஃப்ளாட்ஸின் தரைத்தளத்தில் அவள் வீடு. நேர் மேல் வீட்டில் ஜெரூஷா மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

ஜெரூஷாவுக்கு இருபத்தொன்பது வயது. பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். தனியாக வாடகைக்கு இருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் பெங்களூரில். வாரத்தில் ஒருநாள் விடுமுறை கிடைத்தால் அவள் செய்யும் கொண்டாட்டம் அந்த மீன்தான்.

ரமா போனை எடுத்தாள். கணவர் ஸ்ரீநிவாசராகவன் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் முடிந்து தாம்பரம் மார்க்கெட்டில் இருக்கும் நேரம். மைக்கை அழுத்திப் பேசினாள்:

"ஏன்னா, வரச்சே ஊதுபத்தி வாங்கிண்டு வாங்கோ. மேல அந்த ஜெரூஷா இன்னிக்கும் மீன் வறுக்கறா. வீடு பூரா நாத்தம். இவளுக்கெல்லாம் யார் வீடு குடுத்தாளோ, எப்பதான் காலி பண்ணிண்டு போவாளோ!"

விரலை எடுத்தாள். போய்விட்டது. ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தாள்.

அரைமணியில் கணவர் வந்தார்.

"ஊதுபத்தி எங்கே?"

"எந்த ஊதுபத்தி?"

"வாய்ஸ் மெசேஜ் போட்டேனே."

"எனக்கு ஒண்ணும் வரலையே."

அவள் போனில் கணவரின் பெயரும் அடுக்ககச் சங்கத்தின் குரூப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. ஒரு வரி இடறியிருந்தது. எடுத்துப் பார்த்தபோது ஏற்கெனவே ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. செயலாளர் ஷ்யாம்சுந்தர், "நோட்டட் மேடம். இதே ஃபீலிங் நிறைய பேருக்கு இருக்கு. ஆக்‌ஷன் எடுக்கறோம்" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கீழே கடைசியாக ஒரு வரி.

"சாரி ஆன்ட்டி." ஜெரூஷா.

ரமா அழித்தாள். 'எல்லோருக்கும் அழி' என்பதை அழுத்தினாள். அழித்தது என்னவோ பதிவைத்தான். கேட்ட காதை அழிக்கும் பொத்தான் எந்தப் போனிலும் இல்லை.

* போன டிசம்பர் வெள்ளத்தை இங்கே அடிக்குறிப்பில் சொல்லத்தான் எனக்குத் தைரியம். தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர் புகுந்தபோது ரமாவையும் கணவரையும் கைபிடித்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு போனவள் ஜெரூஷா. இரண்டு நாள் அவள் வீட்டில் இருந்தார்கள். பெருமாள் படத்தைத் தன் புத்தக அலமாரியில் மேல்தட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த இரண்டு நாளும் தயிர்சாதம்தான் செய்தாள். கருவாட்டு டப்பாவைக்கூடத் துணியில் சுற்றிப் பால்கனியில் வைத்துவிட்டாள். ரமா அதைப் பார்த்திருந்தாள்.

4

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு நாலு நாள் எழுதவில்லை.

அப்படி உபகாரம் பெற்றவள் இப்படிப் பேசுவாளா? படிக்கிறவர் நம்புவாரா? ரமாவைக் கொஞ்சம் கெட்டவளாக ஆக்கிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அல்லது வெள்ளத்தையே எடுத்துவிடலாம்.

ஐந்தாம் நாள் காலை பூஜைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தபோது, போன மாதம் நானே ஒருவரைப் பற்றி, அவர் வாங்கிக்கொடுத்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசிய ஒரு பேச்சு ஞாபகம் வந்தது. அதற்குமேல் எனக்கு ரமாவைப் பற்றிச் சந்தேகம் இல்லை.

5

செயலாளர் ஷ்யாம்சுந்தர் சுறுசுறுப்பான மனிதர். ஒரு தீர்மானம் எழுதினார். குறிஞ்சி ஃப்ளாட்ஸில் வாடகைக்கு இருப்பவர்கள் அசைவம் சமைப்பது மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று பெங்களூருக்கு ஒரு கடிதம் போனது. பெங்களூர்க்காரருக்கு வம்பு வேண்டாம். நவம்பர் முடிவதற்குள் காலி செய்துவிடும்மா என்று ஜெரூஷாவிடம் போனில் சொல்லிவிட்டார்.

ஜெரூஷா வீடு தேடத் தொடங்கினாள். பள்ளிக்கரணை, மேடவாக்கம், பொழிச்சலூர். எங்கே போனாலும் முதல் கேள்வி 'தனியாவா?' இரண்டாம் கேள்வி 'வெஜ்ஜா?' இதெல்லாம் ரமாவுக்கு மாடிப்படியில் கேட்ட போன் பேச்சிலிருந்து தெரியும். நேரில் பேச்சு நின்றுபோயிருந்தது. ஜெரூஷா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அப்படிச் செய்திருந்தால் ரமாவுக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். "குட்மார்னிங் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

காலமும் சரியில்லை. டிவியைப் போட்டால் எங்கோ குண்டு விழுந்தது. போனைத் திறந்தால் ஆரஞ்சு எச்சரிக்கை. ஸ்ரீநிவாசராகவனின் கிளையை வேறு கிளையோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு. ரமா ஸ்லோகம் சொல்வாள், நடுவில் எந்த வரியில் நிற்கிறோம் என்று தெரியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"சாம்பாரா, மெரினாவா?" என்றார் கணவர்.

பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை மிருதுளா, அலுவலக அறைக்கு வெளியே ஒரு கரும்பலகையில் தினமும் ஓர் ஐக்கூ எழுதிப் போடுவாள். பிள்ளைகள் எழுதியவை. ஒருநாள் சாக்பீஸ் வாங்க வந்தவள், "ரமா மேடம், நீங்களும் ஒண்ணு எழுதுங்களேன்" என்றாள்.

"எனக்கு என்ன தெரியும்?"

"மூணே வரி. கண்ணால பார்த்தது மட்டும். புத்திமதி கூடாது."

(புத்திமதி கூடாது என்றதும் எனக்கே சுருக்கென்றது. இந்தக் கதையில் இதுவரை எத்தனை இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.)

ரமா அன்று மதிய இடைவேளையில் எழுதியது:

உலகமே
அமைதியாய் இரு
அமைதியாய் இரு

மிருதுளா படித்துவிட்டுச் சிரித்தாள். "மேடம், இது ஐக்கூ இல்லை. எட்டாம் கிளாஸ் மிஸ் போடற சத்தம்."

ரமாவும் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

6

அடுத்த நாள் காலை வெண்டைக்காய் நறுக்கும்போதுதான் அந்தப் பூவைப் பார்த்தாள். ஐம்பத்தோரு வயது வரை எத்தனை ஆயிரம் காம்புகளைக் குப்பையில் போட்டிருப்பாள்! பக்கத்தில் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் இருந்தது. தொட்டாள். அலமாரியில் எறிய மனமில்லாமல் சேர்த்துவைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் ஒத்தினாள்.

பூ விழுந்தது.

மறுபடி ஒத்தினாள். அழுத்தினால் இதழ் நசுங்கியது. மெல்ல வைத்தால் பாதிதான் விழுந்தது. எவ்வளவு அழுத்தம் சரி என்று கைக்குத் தெரியப் பன்னிரண்டு பூ ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு பூ நேரமும் அவள் ஜெரூஷாவை நினைக்கவில்லை, குண்டை நினைக்கவில்லை, கிளை இணைப்பை நினைக்கவில்லை. குக்கர் ஐந்து விசில் அடித்துவிட்டு ஓய்ந்தது.

பிறகு தினமும் விடியற்காலை விளக்கேற்றியபின் அரைமணி அதற்கு என்று ஆயிற்று. பாகற்காய் வளையத்தில் சூரியன் வந்தது. வாழைத்தண்டில் நிலா வந்தது. மஞ்சள் கரைத்த நீர், அடுப்புக்கரி, கறிவேப்பிலைக் காம்பு. நிறம் காய்வதற்குள் மூன்று வரி. கண்ணால் பார்த்தது மட்டும். புத்திமதி கிடையாது. முந்தைய நாள் முழுக்க அந்த மூன்று வரிக்காக அவள் கண் திறந்திருக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியின் வளையல், பிரின்சிபால் மேஜைமேல் செத்துக்கிடந்த ஈசல், கொடியில் ஆடும் துண்டு, எல்லாம் அவளுக்கு வேண்டியவையாகிவிட்டன.

"என்ன ரமா, சமையல்ல காம்பே காணலை. எல்லாம் கவிதைக்குப் போயிடறதா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "கத்திரிக்காய்க் காம்பாவது எனக்கு விட்டுவை."

ஒருநாள் ஒரு நல்ல அட்டை அமைந்தது. மாடிப்படியில் சொட்டும் குடை. அந்தக் குடை ஜெரூஷாவுடையது. அதேபோல இன்னொன்று செய்து ஃப்ரிட்ஜ் கதவுக்கு வைத்துக்கொண்டாள். ரமா யோசிக்கவில்லை. விடியற்காலை, பால்காரர் வந்துபோன சற்று நேரத்தில், மாடி ஏறினாள். இந்தப் பக்கத்து அடுக்ககங்களில் எல்லோர் வீட்டு வாசலிலும் போல ஜெரூஷா வீட்டுக் கதவுப் பிடியிலும் பால் பாக்கெட்டுக்காக ஒரு துணிப்பை தொங்கியது. அதற்குள் அட்டையைப் போட்டுவிட்டு, திருடி மாதிரி இறங்கி வந்தாள்.

பெயர் எழுதவில்லை. பெயர் போட்டுச் செய்தால் அது தானமில்லை, விளம்பரம் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்த பெண். நானும் அப்படியே வளர்ந்தவன்தான். ஆகவே எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதன்பின் வாரத்துக்கு இரண்டு, மூன்று.

7

உண்மையைச் சொல்கிறேன். கதையை இங்கேயே முடித்துவிட்டிருந்தேன். முடிவும் எழுதிவிட்டேன். இதோ:

பதினைந்தாவது அட்டை பால் பையில் விழுந்த அன்று கதவு திறந்தது. ஜெரூஷா நின்றாள். "நீங்கதான்னு எனக்குத் தெரியும் ஆன்ட்டி" என்றாள். இருவர் கண்ணிலும்

(நிறுத்தினேன். இனிப்பு அதிகம். அதைவிட முக்கியம், அப்படி நடக்கவில்லை.)

நடந்தது இது. பதினைந்தாவது அட்டையை இரண்டு நாள் முன்பே போட்டாகிவிட்டது. சனிக்கிழமை காலை ரமா மாடிப்படிக்குக் கீழே மின்கட்டண மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே ஜெரூஷாவின் குரல். எதிர்வீட்டு விஷ்ணுப்ரியாவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ரொம்ப தேங்க்ஸ். அந்தக் கார்டு எல்லாம் நீங்கதானே? டியூட்டி முடிச்சுட்டு வந்து பையில கைவிட்டா ஒரு பூ. நான் அழுதுட்டேன், தெரியுமா? இந்த பில்டிங்ல ஒருத்தராவது என்னை மனுஷியா நினைக்கிறாங்களேன்னு."

ரமா காதைத் தீட்டிக்கொண்டாள். விஷ்ணுப்ரியா இல்லை என்று சொல்வாள். சொல்லியாக வேண்டும்.

"அய்யே, அதெல்லாம் ஒண்ணுமில்ல ஜெரூ" என்றாள் விஷ்ணுப்ரியா. "சும்மா, சின்னதா."

(விஷ்ணுப்ரியாவைத் திட்டாதீர்கள். அழுகிற பெண் ஒருத்தி நன்றி சொல்லும்போது, அது எனக்கில்லை என்று திருப்பிக்கொடுக்க எல்லோராலும் முடியாது. அன்று மாலையே அவள் ஒரு டப்பா ரவாலட்டு செய்து ஜெரூஷாவுக்குக் கொடுத்தாள் என்று கேள்வி. கிடைத்த நன்றிக்குத் தகுதியாகிவிட முயன்றாள்போல.)

ரமா மீட்டர் பெட்டியைப் பார்த்தபடியே நின்றாள். முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு, பிறகுதான் அது வந்தது. ஜெரூஷா என்ன சொன்னாள்? 'இந்த பில்டிங்ல ஒருத்தராவது.' அந்த ஒருத்தரில் ரமா இல்லை. நவம்பர் முடிய இரண்டு வாரம். அட்டைகளை ஒரு பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு ஜெரூஷா போய்விடுவாள். கீழ்வீட்டு ஆன்ட்டி தன்னை விரட்டினாள் என்ற நினைப்பையும் அதே பெட்டியில் கட்டிக்கொண்டு.

8

அன்று கொஞ்ச நேரம் கழித்து ரமா கேட்டருகே சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். கையில் அன்று காலையில் செய்த, இன்னும் காயாத ஓர் அட்டை. கேட்டுக்கு வெளியே அங்காளம்மாள் மீன் கூடையை இறக்கினாள். கோவளத்துக் குப்பத்திலிருந்து பஸ் மாறி வருகிறவள். தீர்மானம் வந்த நாளிலிருந்து அவளை உள்ளே விடுவதில்லை. ரமா அவளோடு ஒருநாளும் பேசியதில்லை. மீன்காரியோடு அவளுக்கு என்ன பேச்சு?

"இன்னாமா அது, பத்திரிகையா? யாருக்குக் கண்ணாலம்?" என்றாள் அங்காளம்மாள்.

"இல்லை, கவிதை."

"படி, கேப்போம். வெயாபாரந்தான் இல்ல."

ரமா கூச்சத்தோடு படித்தாள்:

விமானம் போனபின்
மொட்டைமாடிக் கொடியில்
ஆடி அடங்கும் ஒரு துண்டு

அங்காளம்மாள் காத்திருந்தாள். "ம், அப்பால?"

"அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? இன்னாமா, தலய மட்டும் குட்த்துட்டு மீன வூட்லயே வெச்சிக்கினியா?"

ரமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கண்ணால பார்த்ததை மூணு வரியில சொல்லணும். அதான் கணக்கு."

"த்தோடா, இது நான்கூட சொல்லுவேன்." அங்காளம்மாள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "கூடை காலி. பூனை மட்டும் பின்னாலயே வர்து. போதுமா?"

ரமா அதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள். பேனாவை எடுத்து அட்டையின் மூலையில் எழுதிக்கொண்டாள்:

கூடை காலி
பூனை மட்டும்
பின்னாலயே வர்து

(நான் இந்தக் கதைக்காக ஒன்பது ஐக்கூ எழுதினேன். இந்த இடத்தில் வைக்க ஒன்றும் தேறவில்லை. அங்காளம்மாள் வாயைத் திறந்தாள், முடிந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இப்படிச் சில நாள் அமைந்தால் அது பகவானின் கருணை.)

"நல்லா இருக்கு அங்காளம்மா."

"நல்லா இருந்து இன்னா? இன்னிக்குக் கூடை காலியா இல்லியே. அந்த நர்சுப் பொண்ணு கீழ எறங்கி வந்து வாங்கிக்கினு போவும். இப்போ வர்றதே இல்ல, பயப்புடுது. காலி பண்ணிக்கினு போவுதாமே, வூடே கெடைக்கலன்னு அழுதுச்சு. யாரோ ஒரு பொம்பள போன்ல நாத்தம் கீத்தம்னு பேசிட்டாளாம்ல? அவ மட்டும் என் கையில கெடச்சா..."

"அது நான்தான்" என்றாள் ரமா.

எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. கேட்டின் கம்பிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். ஒரு காகம் கூடையைச் சுற்றி வந்தது. அங்காளம்மாள் அதை விரட்டக்கூட மறந்து ரமாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீயா? பாக்க கோயில் சாமியாட்டம் கீறே!"

"தெரியாம குரூப்ல போயிடுத்து."

"போனது தெரியாம. பேசனது தெரிஞ்சிதானே?"

ரமா தலையை ஆட்டினாள்.

"அப்பால இன்னா, கவித எழுதிக்கினு குந்திக்கினு கீற? அந்தப் பொண்ணு கிட்ட சொன்னியா?"

"பையில கார்டு போட்டேன்."

"அதுல மன்னிச்சுக்கோன்னு எழுதனியா?"

"இல்லை. பூ போட்டேன்."

அங்காளம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, கூடையைத் தலைக்குத் தூக்க ரமாவிடமே ஒரு கை கேட்டாள். ரமா ஒரு கணம் தயங்கினாள். பிறகு கேட்டைத் திறந்து வெளியே போய், ஈரக் கூடையின் ஒரு பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"எங்க பேசுனியோ அங்கதான் போய் சொல்லணும்" என்றபடி அங்காளம்மாள் நடந்தாள். "என்கிட்ட சொல்லி இன்னா? நான் இன்னா ஜட்ஜா?"

ஆனால் அவளிடம் சொன்னதில்தான் ரமாவுக்கு ஏதோ இறங்கியிருந்தது. கொடுத்ததும் கொடுக்காததுமாகச் செய்த நாற்பது அட்டையில் வராத ஒரு மூச்சு, 'அது நான்தான்' என்ற ஒரு வரியில் வந்திருந்தது. கையில் மீன் வாசனை. அவள் உடனே போய்க் கழுவிவிடவில்லை.

* இங்கே நானும் கொஞ்சம் குன்றித்தான் போனேன். சின்னச் சின்ன நல்ல காரியங்கள் உலகத்தைத் தாங்குகின்றன என்று நம்புகிறவன் நான்; இன்றும் நம்புகிறேன். ஆனால் ரமா அந்த நல்ல காரியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். அட்டை அவளுக்கு அமைதி தந்தது, நிஜம். அந்த அமைதியைக் கொண்டு செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. செய்த நல்லதுக்குப் பெயர் வேண்டாம். செய்த தப்புக்குப் பெயர் போட்டே ஆகவேண்டும். (புத்திமதிதான். மிருதுளா டீச்சர் மன்னிக்க வேண்டும்.)

9

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள்.

"ரமா, நான் வேணா சொல்லிடட்டுமா? நீ பக்கத்துல நின்னா போறும்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

"வேண்டாம். மெசேஜ் உங்களுக்குத்தான் வந்திருக்கணும். அதை நான் தப்பா அனுப்பினேன். இதையாவது நானே சரியா அனுப்பறேன்."

ஷ்யாம்சுந்தர் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது, லாரி வருவது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். ஜெரூஷா டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்து, ஸ்கூட்டரை நிறுத்தியவள் எல்லோரும் இருப்பதைக் கண்டு போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தூணோரம் நின்றாள். வாடகைக்காரர்களுக்கு நாற்காலி போடும் வழக்கம் இல்லை.

"வேற ஏதாவது?" என்றார் ஷ்யாம்சுந்தர்.

ரமா எழுந்தாள். முந்தின இரவு ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தாள். மூன்று வரியில் வரவில்லை, முப்பது வரியிலும் வரவில்லை. தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஜெரூஷாவைப் பத்தி நான் பேசினது தப்பு" என்றாள். "குரூப்ல போனது மட்டும் தப்பில்லை. பேசினதே தப்பு. வெள்ளத்துல எங்களை அவதான் பார்த்துண்டா. ரெண்டு நாள் எங்களுக்காக அவ வீட்டுலயே மீன் சமைக்கலை. எங்க வீட்டுல உக்காந்துண்டு அவ வீட்டு வாசனையை என்னால ஒருமணி நேரம் தாங்க முடியலை. ஜெரூஷா, மன்னிச்சுக்கோம்மா. நீ சாரி சொன்னியே, அதை நான் திருப்பித் தரேன். அது என்னோடது." பிறகு செயலாளரைப் பார்த்தாள். "சார், என் பேச்சை வெச்சுத்தானே லெட்டர் போட்டேள்? அதை வாபஸ் வாங்குங்கோ."

(இந்த இடத்தில் விஷ்ணுப்ரியா எழுந்து, 'கார்டும் இவங்கதான் போட்டாங்க' என்று சொல்லிக் கூட்டமே கைதட்டுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. கிழித்துவிட்டேன். ரமா அட்டைகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. விஷ்ணுப்ரியா அவளையே உற்றுப் பார்த்தாள்; பீட்ரூட் ஏறிச் சிவந்திருந்த அவள் விரல் நுனிகளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலைகுனிந்தாள். அவ்வளவுதான்.)

ஜெரூஷா தூணைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உக்காருங்க. கால் நடுங்குது பாருங்க, பிபி மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

ஷ்யாம்சுந்தர் தொண்டையைச் செருமினார். பெங்களூர்க்காரருக்கு அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர், "மெஜாரிட்டி என்ன சொல்றாங்களோ அப்படியே செய்ங்க சார், எனக்கு ஓகே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"அப்போ ஓட்டுக்கு விடறேன்" என்றார் ஷ்யாம்சுந்தர். "வீட்டுக்கு ஒரு கை. லெட்டரை வாபஸ் வாங்கலாம்னு சொல்றவங்க தூக்குங்க."

10

மொத்தம் பன்னிரண்டு வீடு. ஜெரூஷா இருக்கும் வீட்டைக் கழித்தால் பதினொன்று.

ரமா கை தூக்கினாள். விஷ்ணுப்ரியா தூக்கினாள். மேல்மாடியில் வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டுக்காரர், யாரும் எதிர்பாராதபடி, தூக்கினார். தரைத்தளத்தில் வெள்ளம் பார்த்த இன்னும் இரண்டு வீடு தூக்கியது. ஐந்து.

ஞாயிறுதோறும் பிரியாணி டப்பா வரவழைக்கும் வீடு தூக்கவில்லை. அந்த ஆறு கட்டைவிரல்களில் மூன்று, தங்கள் விரலுக்கு விசுவாசமாக, மடியிலேயே கிடந்தன. ஷ்யாம்சுந்தர் தூக்கவில்லை, தீர்மானம் அவர் கையெழுத்து. ஆக இந்தப் பக்கமும் ஐந்து. பாக்கி ஒரு வீடு.

அவர் இரண்டு தடவை எண்ணினார். இரண்டாம் தடவை மெதுவாக எண்ணினார். எண்ணிக்கை மாறினால் நன்றாயிருக்கும் என்று அவருக்கும் தோன்றியதோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவர் மனசுக்குள் நான் போகவில்லை.

பதினோராவது நாற்காலியில் முதல் பிரதியில் ஒருவரை உட்காரவைத்திருந்தேன். தங்கமானவர். கையைத் தூக்கினார், எல்லாம் சுபமாக முடிந்தது. அப்புறம் ஒருநாள் அவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். எனக்கு மட்டும் தெரிந்த ஒரு நல்லவர் கை தூக்கி என்ன ஆகப்போகிறது? அவர் காகிதத்தை விட்டு இறங்கி எந்த அடுக்ககத்தின் கூட்டத்துக்கும் வரப்போவதில்லை.

அந்தப் பதினோராவது வீடு உங்களுடையது. இவ்வளவு நேரம் கார்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எதிரே ரமா இன்னும் உட்காரவில்லை. ஜெரூஷா உங்களைப் பார்க்கவில்லை. கேட்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஷ்யாம்சுந்தர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்துகிறார்.

"நீங்க ஒண்ணும் சொல்லலியே?" என்கிறார்.